இரத்த வகையே இல்லாத செயற்கை இரத்தத்தை உடல் ஏன் எதிர்க்கிறது?

செவ்வணு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் பயிலும் இறுதியாண்டு மாணவி. தற்போது குருதி வங்கி ஒன்றில் பயிற்சி பெற்று வருகிறேன். நோயாளியின் இரத்த வகையைக் கண்டறிவதும், கொடையாளரின் இரத்தத்தோடு அதைப் பொருத்திப் பார்ப்பதும்தான் அங்கே எனது அன்றாட வேலை. அதனாலேயே, செயற்கை இரத்தம் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஆக்சிஜன் கடத்திகளுக்கு வகையே கிடையாது, பொருத்தம் பார்க்காமலே எவருக்கும் ஏற்றலாம் என்று படித்தபோது அச்செய்தி என்னை மிகவும் ஈர்த்தது.

ஆனால் தொடர்ந்து படித்ததில் ஒரு குழப்பம் எழுந்துள்ளது. ஃப்ளூசால் என்ற பழைய கரைசலை நோயாளிக்கு முழு அளவில் ஏற்றுவதற்கு முன், அரை மில்லிலிட்டர் மட்டும் செலுத்தி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இரத்த அழுத்தக் குறைவோ வருகிறதா என்று காத்திருந்து பார்த்திருக்கிறார்கள். அதில் ஆக்சிஜனைச் சுமந்தது எதனோடும் வினைபுரியாத ஃபுளோரோகார்பன் சேர்மம். சிவப்பணு இல்லை, ஆகவே இரத்த வகையைத் தீர்மானிக்கும் ஏ ஆன்டிஜெனும் இல்லை, பி ஆன்டிஜெனும் இல்லை. அப்படியிருக்க முதல் துளிக்கே ஒருவருக்கு எதிர்வினை தோன்றுமானால், அதற்குரிய எதிர்ப்பொருள் அவர் உடலில் முன்கூட்டியே இருந்தது என்று கொள்ள வேண்டுமா?

இன்னொரு ஐயமும் உண்டு. மாட்டின் ஹீமோகுளோபினிலிருந்து செய்த ஹீமோப்யூர் என்ற கரைசலுக்குத் தென்னாப்பிரிக்கா 2001-இல் ஒப்புதல் அளித்தது. வேறு விலங்கின் புரதத்தை மனித உடல் எவ்வாறு பொறுத்துக்கொள்கிறது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குருதி வங்கி மருத்துவர் (பதில்)

வணக்கம் அம்மா. நீங்கள் தினமும் செய்யும் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் கண்டறிந்து சொன்ன ஏபிஓ வகைகள் யாவும் சிவப்பணுவின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பொறுத்தவை. பொருந்தாத இரத்தத்தை ஏற்றும்போது, நோயாளியின் உடலில் இயற்கையாகவே இருக்கும் ஐஜிஎம் என்னும் வகை எதிர்ப்பொருள் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. அதைத் தொடர்ந்து காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொகுதி விழித்துக்கொண்டு சிவப்பணுவைத் துளைத்து உடைக்கிறது. இதில் அடையாளம் காண்பது எதிர்ப்பொருள், அடிப்பது காம்ப்ளிமென்ட். நாம் வகை பார்ப்பதெல்லாம் அடையாளம் காணும் அந்த முதற்படி நிகழாமல் தடுப்பதற்காகத்தான்.

இனி உங்கள் குழப்பத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காம்ப்ளிமென்ட் விழித்துக்கொள்வதற்கு எதிர்ப்பொருள் கட்டாயம் தேவையில்லை. நம் பிளாஸ்மாவில் சி3 என்னும் புரதம் எந்நேரமும் சிறிதளவு தானாகவே உடைந்துகொண்டிருக்கிறது. உடைந்த துண்டு நம் சொந்தச் செல்லின் மேல் ஒட்டினால், அங்குள்ள தடுப்புப் புரதங்கள் அதை உடனே செயலிழக்கச் செய்துவிடும். அத்தகைய தடுப்பு எதுவும் இல்லாத அயற்பரப்பின் மேல் ஒட்டினால் அந்த வினை பெருகிக்கொண்டே போகும். நோயெதிர்ப்பு மண்டலத்தின் இந்தத் தொன்மையான பகுதிக்கு, ‘இது எந்த வகை?’ என்ற கேள்வியே கிடையாது. ‘இது நம் உடலின் பரப்பா, இல்லையா?’ என்பது மட்டுமே அதன் கேள்வி. வகை இல்லாத பொருள் என்பதும் உடலின் கண்ணுக்குப் படாத பொருள் என்பதும் ஒன்றல்ல.

ஃப்ளூசாலில் நடந்ததும் இதுவே. ஜப்பானின் ஒசாகா நகரத்தில் இருந்த கிரீன் கிராஸ் நிறுவனம் உருவாக்கிய அந்தக் கரைசலில், ஃபுளோரோகார்பன் எண்ணெய்போலத் தண்ணீரில் கலவாது என்பதால், அதை மிக நுண்ணிய துளிகளாக்கி நிலைநிறுத்த ப்ளூரோனிக் எஃப்-68 என்ற பால்மமாக்கியைச் சேர்த்திருந்தார்கள். ஆக்சிஜனைச் சுமந்த ஃபுளோரோகார்பன் அல்ல, அதைக் கலக்கி வைப்பதற்காகச் சேர்த்த இந்தத் துணைப்பொருளே காம்ப்ளிமென்ட்டைத் தூண்டுகிறது என்று 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காம்ப்ளிமென்ட் உடையும்போது வெளிப்படும் சி3ஏ, சி5ஏ ஆகிய சிறு துண்டுகள் வெள்ளையணுக்களைத் தூண்டி நுரையீரலின் நுண்குழாய்களில் திரளச் செய்கின்றன. ஒவ்வாமையில் பங்குகொள்ளும் மாஸ்ட் செல்களிலிருந்து ஹிஸ்டமைன் என்னும் வேதிப்பொருளை வெளியேற்றுகின்றன. நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், அழுத்தக் குறைவு, வெள்ளையணு எண்ணிக்கையில் தற்காலிகச் சரிவு ஆகிய அனைத்தும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எனவேதான் அரை மில்லிலிட்டர் சோதனை அளவு. எனவேதான் சிலருக்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு. உங்கள் முதற்கேள்விக்கு நேரான விடை: ஃப்ளூசாலின் எதிர்வினைக்கு முன்கூட்டிய எதிர்ப்பொருள் தேவைப்படவில்லை.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1989-இல் அதற்கு அளித்த ஒப்புதலும், இதயத் தமனி அடைப்பைப் பலூன் கொண்டு நீக்கும் சிகிச்சையின்போது பயன்படுத்துவதற்கு மட்டுமே. 1994-இல் அதன் உற்பத்தி நின்றது. உறைநிலையில் வைத்து, பயன்படுத்தும் நேரத்தில் உருக்கிக் கலக்க வேண்டியிருந்த தொல்லையும் அதற்கு ஒரு காரணம்.

ஹீமோகுளோபின் கரைசல்களின் வரலாறு வேறு பாதையில் செல்கிறது. 1949-இல் ஆம்பர்சன் குழுவினர் நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் உப்புக்கரைசலைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. உடைந்த சிவப்பணுவின் உறைத் துணுக்குகள் கரைசலில் மிஞ்சியிருந்ததுதான் காரணம் என்று கருதி, 1967-இல் ராபினர் குழுவினர் உறை நீக்கிய தூய ஹீமோகுளோபினை உருவாக்கினார்கள். உறைத் துணுக்கு போனவுடன் இரத்த வகையும் போயிற்று. ஆயினும் நான்கு துணையலகுகள் கொண்ட ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் இரண்டிரண்டாகப் பிரிந்து சிறுநீரகம் வழியே வெளியேறும் சிக்கல் நீங்கவில்லை. அதற்காகவே பின்னாளில் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்தும் தொடராகக் கோத்தும் பார்த்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இக்கரைசல்கள் தோற்றதற்கெல்லாம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஹெம்அசிஸ்ட் கரைசலை விபத்துக் காயமடைந்தோரிடம் சோதித்தபோது, அதைப் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினரும், உப்புக்கரைசல் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். 1998-இல் அந்தச் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2008-இல் நடான்சன் குழுவினர் ஐந்து கரைசல்கள் பற்றிய 16 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, இறப்பு அபாயம் சுமார் 1.3 மடங்காகவும் மாரடைப்பு அபாயம் சுமார் 2.7 மடங்காகவும் இருந்ததைக் காட்டினார்கள். அணுவுக்கு வெளியே திரியும் ஹீமோகுளோபின், இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிக் குழாயைச் சுருங்கச் செய்வதே இதற்கு முதன்மையான விளக்கமாகச் சொல்லப்படுகிறது. இது வேதிவினையே அன்றி நோயெதிர்ப்பு வினை அன்று. தேர்வில் இரண்டையும் கலந்து எழுதும் மாணவர்களைப் பலமுறை கண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செவ்வணு

மிக்க நன்றி ஐயா. அடையாளம் காண்பதும் அடிப்பதும் வெவ்வேறு என்ற விளக்கத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன். எதிர்ப்பொருள் இல்லாமலே இந்த எதிர்வினை வருகிறதென்றால், இரண்டாம் முறை ஏற்றும்போது அது கடுமையாகுமா, தணியுமா? ஒவ்வாமை என்றால் இரண்டாம் முறைதான் ஆபத்து என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

நுண்துகள் மருந்தியல் ஆய்வாளர் (பதில்)

சகோதரி கேட்டிருக்கும் இரண்டாம் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை இத்துறையின் மையக் கேள்வி. விடை இரண்டு திசைகளில் செல்கிறது.

ஐஜிஇ எதிர்ப்பொருளால் வரும் மெய்யான ஒவ்வாமை, நீங்கள் படித்தபடியே, முதல் சந்திப்பில் அமைதியாக இருந்து அடுத்த சந்திப்பில் வெடிக்கும். காம்ப்ளிமென்ட் வழியாக வருவதோ பெரும்பாலும் முதல் ஏற்றத்திலேயே, முதற்சில நிமிடங்களிலேயே தோன்றும். சொட்டு வேகத்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ தணியும். மறுமுறை செலுத்தும்போது பல நேரங்களில் வலுக்குறைந்தோ வராமலோ போகும். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் யானோஷ் செபெனி இதற்குக் காம்ப்ளிமென்ட் சார்ந்த போலி ஒவ்வாமை என்று பெயரிட்டார். ‘போலி’ என்ற சொல்லைக் கண்டு இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நோயாளியின் மூச்சுத்திணறல் போலியன்று, ஒவ்வாமையின் வழக்கமான வழி அன்று என்பதே பொருள்.

இங்கே எனக்குள்ள ஒரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த எதிர்வினையைச் சோதிக்கப் பன்றியே சிறந்த விலங்கு என்று நெடுங்காலமாகக் கொள்ளப்படுகிறது; மிகச் சிறிதளவு லிப்பிட் (கொழுப்பு) துகளுக்கே பன்றியின் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறிவிடும். ஆனால் பன்றியின் நுரையீரல் நுண்குழாய்களுக்குள்ளேயே துகள்களை விழுங்கும் பெருவிழுங்கிச் செல்கள் நிலையாகத் தங்கியிருக்கின்றன. நலமான மனிதருக்கு அவை அவ்வாறு இல்லை. ஆகவே பன்றி காட்டும் எதிர்வினை காம்ப்ளிமென்ட்டால் வருவதைவிட அந்தப் பெருவிழுங்கிகளால் வருவதே என்று மொகிமி முதலான ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். என் பார்வையில் அந்த வாதத்துக்கு வலுவுண்டு. மனிதரின் பிளாஸ்மாவைச் சோதனைக்குழாயில் எடுத்துக் கரைசலோடு கலந்து, சி3ஏ எவ்வளவு உருவாகிறது என்று அளந்து பார்க்கலாம் என்று மாண்ட்ரீல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சாங் 1990-களிலேயே முன்மொழிந்தார். 1957-இல் செயற்கைச் செல் என்ற கருத்தை முதன்முதலில் செய்துகாட்டியவரும் அவரே. ஒரு விலங்கைத் துன்புறுத்தாமலும் எந்த நோயாளியையும் ஆபத்தில் தள்ளாமலும் செய்யக்கூடிய அந்த எளிய சோதனைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

இனி மற்றத் திசை. ஹீமோகுளோபினைக் கொழுப்புறைக்குள் அடைத்துச் சிறு பைகளாக்கும் முறையில், அந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் பெருவிழுங்கிகளிடம் எளிதில் சிக்காமலும் இருக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்விரும்பி இழைகளை மேலே நட்டுவைக்கிறார்கள். சுருக்கமாகப் பெக் என்பார்கள். உடலின் கண்ணிலிருந்து மறைப்பதற்காகப் போர்த்திய அந்தப் போர்வையையே உடல் அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறது. பெக் போர்த்திய துகளைச் செலுத்திய சில நாட்களில் மண்ணீரலில் உள்ள, எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்கள் பெக்கிற்கு எதிரான ஐஜிஎம்மைச் சுரக்கின்றன; ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை செலுத்தும்போது துகள்கள் இரத்த ஓட்டத்திலிருந்து மிக விரைவாக அகற்றப்படுகின்றன. இந்த விரைவு வெளியேற்றத்தை 2000-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எலியிலும் ரீசஸ் குரங்கிலும் கண்டார்கள். ஜப்பானின் டோகுஷிமா பல்கலைக்கழகத்தினர் அதன் இயங்குமுறையை விரிவாக ஆராய்ந்தார்கள். அழகுப்பொருட்களிலும் மருந்துகளிலும் பெக் பரவலாக இருப்பதால், இத்தகைய மருந்தை ஒருபோதும் பெறாதவரிடம்கூட இந்த எதிர்ப்பொருள் காணப்படுவதுண்டு. ஆகவே மருத்துவர் ஐயா ஃப்ளூசாலுக்குச் சொன்ன விடையை எல்லாக் கரைசல்களுக்கும் நீட்ட இயலாது. பெக் போர்த்திய துகளில், முன்கூட்டியே எதிர்ப்பொருள் இருந்திருக்கலாம் என்ற உங்கள் ஊகம் சிலருக்கு உண்மையாகவே பொருந்தும்.

இதில் வியப்பான செய்தி என்னவென்றால், இந்த விளைவு அளவு குறைந்தால் கூடுகிறது, அளவு கூடினால் குறைகிறது. மருந்து சுமக்கும் லிப்பிட் துகள் மில்லிகிராம் கணக்கில் செல்வது. செயற்கை ஆக்சிஜன் கடத்தியோ கிராம் கணக்கில் செல்வது. மிகப்பெரும் அளவு உள்ளே வரும்போது, உருவான எதிர்ப்பொருளும் பெருவிழுங்கிகளின் கொள்திறனும் போதாமல் போய்விடுகின்றன. ஜப்பானியர்கள் விலங்குகளில் செய்த ஆய்வுகளில், ஹீமோகுளோபின் பைகளை மிகக் குறைந்த அளவில் திரும்பச் செலுத்தியபோது விரைவு வெளியேற்றம் தெளிவாகத் தெரிந்தது. சிகிச்சைக்குரிய பேரளவில் செலுத்தியபோது எதிர்ப்பொருள் தோன்றியிருந்தும் வெளியேற்ற வேகம் பெரிதாக மாறவில்லை. ஒரு மில்லிலிட்டரைக் கொண்டு செய்த சோதனையை வைத்து அரை லிட்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. அதே வேளையில், அவ்வளவு பெரிய சுமையை விழுங்கிச் செரிக்கும் மண்ணீரலும் கல்லீரலும் அந்த நாட்களில் கிருமிகளைக் கவனிக்கும் வலிமையோடு இருக்குமா என்ற கேள்வியும் எழுகிறது. எலிகளில் மண்ணீரலின் டி செல் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் பெருக்கம் சிறிது காலத்துக்கு ஒடுங்குவதைக் கண்டிருக்கிறார்கள். காயத்தோடும் தொற்று அபாயத்தோடும் வரும் நோயாளிக்குத்தான் இது தேவைப்படும் என்பதால், நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றியே.

அந்த ஜப்பானியப் பைகள் சிவப்பணுவின் விட்டத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்கே உடையவை. 12 நலமான ஆண்களுக்கு 10, 50, 100 மில்லிலிட்டர் என்று படிப்படியாகக் கொடுத்த முதல் மனிதச் சோதனையின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. சிலருக்கு ஏற்றத்தின்போது எதிர்வினை தோன்றி, பின்னர் தணிந்தது. கடுமையான தீங்கு நேரவில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் 100 மில்லிலிட்டர் என்பது பெரும் இரத்தப்போக்குக்கு மிகச் சிறிய அளவு.

கால்நடை மருத்துவர் (பதில்)

மாட்டுப் புரதத்தைப் பற்றிய கேள்விக்கு எங்கள் துறையிலிருந்து ஒரு விடை சொல்ல முடியும். ஹீமோப்யூரைச் செய்த பயோப்யூர் நிறுவனமே ஆக்ஸிகுளோபின் என்ற கரைசலையும் செய்தது. நாய்களின் இரத்தசோகைக்காக அமெரிக்காவில் 1998-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதுவும் மாட்டின் ஹீமோகுளோபினைக் குளுட்டரால்டிஹைடு கொண்டு கோத்ததே.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். பாலூட்டிகளின் ஹீமோகுளோபின்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் ஒத்தவை. ஆகவே மாட்டின் ஹீமோகுளோபினில் மனிதருக்கோ நாய்க்கோ அயலாகத் தோன்றும் பகுதிகள் குறைவு. குறைவு என்பதுதான் சரி, இல்லை என்பது சரியன்று. மருத்துவர் சாங்கின் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வில், எலியின் சொந்த ஹீமோகுளோபினைக் கோத்துச் செலுத்தியபோது எதிர்ப்பொருள் அரிதாகவே தோன்றியது. வேற்றினத்து ஹீமோகுளோபினைக் கோத்து, நோயெதிர்ப்பைத் தூண்டும் முறையில் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது எதிர்ப்பொருள் அளவு உயர்ந்தது. ஆக்ஸிகுளோபினைப் பலமுறை பெற்ற நாய்களிலும் மாட்டு ஹீமோகுளோபினுக்கு எதிரான ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் தோன்றியது. எனினும் அந்த நாய்கள் அதிர்ச்சி நிலைக்குச் செல்லவில்லை. எதிர்ப்பொருள் தோன்றுவது வேறு, அதனால் நோயாளிக்குத் தீங்கு நேர்வது வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஓரிரு முறை மட்டும் பெறும் அறுவை நோயாளிக்குப் பொருந்தும் இந்த ஆறுதல், ஆயுள் முழுதும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா நோயாளிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஆய்வகத் துறையினர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆக்ஸிகுளோபின் ஏற்றிய நாயின் சீரம் செந்நிறமாகிவிடும். நிறத்தை அளந்து முடிவு சொல்லும் உயிர்வேதியியல் சோதனைகள் பல அந்த நாட்களில் நம்பத்தக்கவையாக இருக்கமாட்டா. கரைசலை ஏற்றுவதற்கு முன்பே தேவையான மாதிரிகளை எடுத்து வைத்துக்கொள்வதுதான் முறை.

செவ்வணு

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. கால்நடை மருத்துவர் ஐயா சொன்ன கடைசிச் செய்தி எனக்குப் புதிய அச்சத்தை உண்டாக்குகிறது. பொருந்தாத இரத்தம் ஏறிவிட்டதோ என்ற ஐயம் வரும்போது, ஏற்றத்துக்குப் பிந்தைய மாதிரியைச் சுழற்றி, பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதுதானே எங்கள் முதல் வேலை? இத்தகைய கரைசலும் கொடையாளர் இரத்தமும் ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து ஏற்றப்பட்டிருந்தால் நான் எதை வைத்து முடிவுசெய்வேன்?

குருதி வங்கி மருத்துவர்

சரியான இடத்தில் அச்சப்படுகிறீர்கள் அம்மா. அந்த நோயாளியின் பிளாஸ்மா முன்பே சிவந்திருக்கும். ஆகவே நிறம் உங்களுக்கு எதையும் சொல்லாது. பொருத்தச் சோதனையிலும் இதே இடர் உண்டு. சிவப்பணுக்கள் திரண்டால் கண்ணுக்குத் தெரியும்; திரளாமல் உடைந்து கரைந்தால், மேலே நிற்கும் திரவம் சிவப்பதைக் கொண்டுதான் அதை அறிகிறோம். அத்திரவம் தொடக்கத்திலேயே சிவப்பாக இருந்தால் அந்த உடைவு மறைந்துபோகும். ஃபுளோரோகார்பன் பால்மமாக இருந்தால் சிவப்புக்குப் பதிலாகப் பால்போன்ற கலங்கல் குறுக்கே நிற்கும்.

அப்போது நிறத்தை விட்டுவிட்டு அணுவைப் பார்க்க வேண்டும். நோயாளியின் சிவப்பணுக்களை உப்புநீரில் பலமுறை நன்கு கழுவி, நேரடி ஆன்டிகுளோபுலின் சோதனை செய்யுங்கள். அணுவின் மேல் எதிர்ப்பொருளோ காம்ப்ளிமென்ட் துண்டோ ஒட்டியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். பொருந்தாத அணுக்கள் முழுவதும் அழிந்துபோயிருந்தால் அச்சோதனையும் எதிர்மறையாக வரலாம் என்பதால், இரத்தப்பையின் வகையையும் நோயாளியின் வகையையும் மறுபடி பார்ப்பதையும், பெயர்ச்சீட்டுகளை ஒப்பிடுவதையும் ஒருபோதும் தவிர்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, இத்தகைய கரைசலை ஏற்றத் தொடங்குமுன் எடுத்த மாதிரி ஒன்று, நாளும் நேரமும் எழுதப்பட்டு, உங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.